மாமாவின் கைத்தடியில் ஒட்டிய சிப்

ரூத்,

உன் அப்பாவின் கைத்தடியில் வேறு சிப் ஒட்டியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அவர் வழி தெரியாமல் முட்டுக்காட்டில் நின்றபோது, பஸ் கண்டக்டர் பழைய சிப் ஸ்டிக்கர் மேல் போனை வைத்துப் பார்த்தும் உன் நம்பர் வரவில்லை. நாம் தேடிப் போய்க் கண்டுபிடித்ததும், மட்டமான ஸ்டிக்கரை வாங்கிவிட்டாய் என்று எல்லார் முன்னாலும் உன்னைத் திட்டினேன்.

நேற்று கைத்தடியை மொபைல் கடையில் காட்டினேன். "ஸ்டிக்கர் நல்லாத்தான் கீது அண்ணாத்த. இதுல பேட்டரி கெடயாது, கிட்ட வர்ற போனுதான் கரண்டு குடுக்கணும். அலுமினியத்து மேல ஒட்டினா அது வந்து சேராது. யாரு இதுல ஒட்டுனது?" என்றார் கடைக்காரர். ஒட்டியவன் நான்தான். சட்டையில் தைக்கலாம் என்று நீ சொன்னாய், நான் கேட்கவில்லை.

புதிய சிப் உலோகத்தில் ஒட்டுவதற்கென்றே வருவது, அடியில் கறுப்புப் படலம் இருக்கிறது. போனை வைத்தால் உன் நம்பர் உடனே வருகிறது.

சங்கரா மீன் குழம்பு அடுப்பில் இருக்கிறது. மாமா சாப்பிட்டுவிட்டார்.

ஆல்வின்

பி.கு: சிப்பில் இன்னொரு நம்பருக்கு இடம் இருக்கிறது. என்னுடையதைப் போடட்டுமா என்று மாமாவிடம் கேட்டேன். "வேணாம்பா, நீ வந்தா எம்பொண்ணத் திட்டுவ" என்றார். லாக் செய்தால் பிறகு எதையும் சேர்க்க முடியாது. அதனால் லாக் செய்யாமல் வைத்திருக்கிறேன்.