தலைவரின் துண்டும் சைமியின் ஸ்கேட்டும்

தாபியோ,

பட்டாணி சூப் அடுப்பின் மேல் இருக்கிறது. சாவி பக்கத்து வீட்டு ஹில்க்காவிடம்.

ஸ்கேட்டிங் சங்கத் தலைவரென்று உனக்குப் போர்த்தி, நீ சுவரில் மாட்டியிருந்த துண்டைத் தேடாதே. அதை வெட்டி, சைமியின் பனிச்சறுக்கு ஸ்கேட் பிளேடுகளுக்கு ஈரம் உறிஞ்சும் உறை தைத்துவிட்டேன். "அது துடைக்கிற துண்டு இல்ல ரைலி, தலைவருக்குச் சங்கம் செஞ்ச மரியாதை!" என்று நேற்று நான் அதைக் கையில் எடுத்ததும் கத்தினாயே. "ஏம்ப்பா, மரியாதை தண்ணி உறிஞ்சாதா?" என்று மகள் கேட்டதும் செய்தித்தாளுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாய்.

ஈர பிளேடைப் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்தால் துருப்பிடிக்கும் என்று ஊரிலுள்ள பெற்றோருக்கெல்லாம் மேடையேறிப் பாடம் நடத்துகிறவன் நீ. போன வாரம் சைமியின் ஸ்கேட்டை ஈரத்தோடு அப்படி அடைத்து வைத்துத் துருப்பிடிக்க விட்டவனும் நீதான்.

பயிற்சி முடிந்ததும் துடைத்துவிட்டுத் துணி உறையை மாட்டு. 'தலைவர்' என்று பூவேலை செய்த பக்கத்தை உள்ளே மடித்துத் தைத்திருக்கிறேன். யாருக்கும் தெரியாது.

ரைலி

பி.கு.: துருவைப் பற்றிப் பயிற்சியாளர் இன்று கேட்கப்போகிறாராம். "நான்தான் மறந்துட்டேன்னு சொல்லிடுறேம்மா. அப்பா தலைவராச்சே, அவருக்கு அசிங்கம்" என்கிறாள் சைமி. ஐந்து மணிக்குப் பயிற்சி. சூப் ஆறினால் ஆறட்டும், அவள் வாயைத் திறப்பதற்குள் நீ அங்கே போய்ச் சேர்.