நீலக் கதவுக்கு ஒரு திருத்தம்

ஜூன் 3, செவ்வாய்

காலையில் பல் துலக்குவதற்கு முன்பே ஒருவரைத் திட்டினேன். குடிநீர்ப் பொறியாளரை. ஒரு நல்ல பல் மருத்துவரை இரண்டு வருடமாகத் தனக்கு மட்டும் வைத்திருந்திருக்கிறார் மனிதர்!

நிவாரண வேலைக்காக ஊர் ஊராக அலையும் நாங்கள் நூற்றுச் சொச்சம் பேர் சேர்ந்து ஒரு பட்டியல் வைத்திருக்கிறோம். எந்த ஊரில் எங்கே தங்கலாம், யார் வண்டியில் ஏறலாம், யாரை நம்பித் தலைமுடியைக் கொடுக்கலாம் என்று. பன்னிரண்டு வருடமாக அதைப் பார்த்துக்கொள்வது நான். முதல் சட்டமும் நான் எழுதியதுதான்: நல்ல இடத்தை யாரும் ஒளிக்கக் கூடாது.

"எல்லாரும் போனா எனக்கு நேரம் கிடைக்காதுங்க மேடம்."

"உங்க ஒரு வாய்க்குன்னு தனியா ஒரு டாக்டரா?"

சேர்த்துவிட்டார்.

ஜூன் 5, வியாழன்

நாளை பயணம். ஐந்து வருடத்துக்குப் பிறகு அந்த ஊர். பழைய குறிப்புகள் இன்னும் செல்லுமா என்று நேரில் பார்க்க வேண்டும். வெள்ளத்தின்போது நான் மூன்று மாதம் தங்கிய அறைதான் பட்டியலிலேயே அதிகப் புகழ் வாங்கியது. என் வரி: "தண்ணீர்த் தொட்டிச் சந்து, நீலக் கதவு, மாடி அறை. பெண்கள் தைரியமாகத் தனியே தங்கலாம். வீட்டுக்கார அக்கா ஒரு கேள்வியும் கேட்க மாட்டார்."

அதன் கீழே ஒரு நர்ஸ்: "கேள்வி கேட்க மாட்டாரா? என் ரத்த வகையைக்கூடக் கேட்டார். ஆனாலும் தங்கமானவர்." இன்னொருத்தி: "எனக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்."

கிண்டல்தான். அக்கா நாளைக்கு நாலு வார்த்தை பேசினாலே அதிகம்.

எங்கள் நிறுவனத்தின் அந்த ஊர்க் கிளைக்குப் பொறுப்பாளர் வேண்டுமாம். யாரும் போக மாட்டேன் என்கிறார்கள்.

தம்பி மனைவி போன் செய்தாள். "அண்ணி, பரண்ல இருக்கற உங்க பெட்டிங்கள என்ன செய்யலாம்?" பார்க்கலாம் என்றேன். ஆறு வருடமாக அதையேதான் சொல்கிறேன்.

ஜூன் 6, வெள்ளி

நீலக் கதவைத் தட்டினேன். திறந்தது அக்கா இல்லை!

"வாம்மா வா! எந்த ஆஃபீஸு? தனியாவா வந்த? சர்க்கரை உண்டா? கொலுசு போட மாட்டியா?"

பை இன்னும் தரையைத் தொடவில்லை. அக்கா எங்கே என்று கேட்டேன். அந்தப் பெண்மணியின் பேச்சு பட்டென்று நின்றது.

விஷயம் இதுதான். நான் போன பிறகு அக்கா தன் கதவுக்குப் பழுப்பு வண்ணம் அடித்திருக்கிறார். மிச்சமிருந்த நீல டின்னை மூன்றாவது வீட்டுக்குக் கொடுத்திருக்கிறார். இவர் வீட்டுக்கு.

"மழையில நனஞ்சுட்டு ஒரு நர்ஸம்மா வந்து நின்னுச்சு. மாடி சும்மா கெடந்துச்சு, ஏத்திக்கிட்டேன். சத்தியமா அப்பத் தெரியாதும்மா. மூணாவது ஆள் வந்தப்பத்தான் அக்கா வீட்டத் தேடி வர்றாங்கன்னு புரிஞ்சுது."

"புரிஞ்ச பிறகும்?"

"அதுக்குள்ள பழகிட்டேனே. வீட்ல பேச ஆளு இல்லம்மா..."

கதவு எண் போடாமல் எழுதியது யார்? நான். வேறு யாராவது இப்படி எழுதியிருந்தால் கிழித்துத் தொங்கவிட்டிருப்பேன்.

ஜூன் 7, சனி

பழுப்புக் கதவு. அக்கா என்னைப் பார்த்தார். ஒரு கேள்வியும் கேட்காதவர், ஒன்றே ஒன்று கேட்டார்.

"ஆள் அனுப்பறேன்னு சொன்னியே?"

நின்ற இடத்திலேயே எல்லாம் சொன்னேன். உளறினேன் என்றுதான் சொல்ல வேண்டும். ஐந்து வருடம் இந்த ஜன்னலில் உட்கார்ந்து, பெட்டியோடு ஆட்கள் தன் வாசலைத் தாண்டிப் போவதைப் பார்த்திருக்கிறார் — கடவுளே!

"இப்பவே மாத்தி எழுதிடறேன்க்கா."

"வேணாம். அவளுக்குப் பேச்சுத்துணை வேணும். எனக்குக் கூட்டம் ஆகாது." மாடிச் சாவியை எடுத்து நீட்டியபடி, "நீ மறந்துட்டன்னு நெனச்சேன். அதான்."

மாடிக்குப் போனேன். அதே கட்டில், அதே ஜன்னல். பெருக்கித் துடைத்து வைத்திருக்கிறார். வருகிற ஒன்றாம் தேதி முதல் அது பாத்திரக் கடைக்காரரின் கிடங்காம்.

ஜூன் 8, ஞாயிறு

எதுவும் எழுதத் தோன்றவில்லை. அந்த ஜன்னல்.

ஜூன் 10, செவ்வாய்

பட்டியலைத் திருத்தினேன். நீலக் கதவு, இம்முறை எண்ணோடு: "அக்கா எல்லாக் கேள்வியும் கேட்பார். பதில்களைத் தயாராக வைத்துக்கொள்ளவும்." அரை மணி நேரத்தில் பதினாறு பேர் சிரித்துவிட்டார்கள். மாப்பிள்ளை விஷயம் உண்மைதானாம்.

பழுப்புக் கதவைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை. எழுதப்போவதுமில்லை.

கிளைப் பொறுப்பை நானே கேட்டு வாங்கப்போகிறேன். கடிதம் எழுதி மடித்துப் பையில் வைத்திருக்கிறேன். ஒன்றாம் தேதிக்கு முன்பே பரணிலிருக்கும் பெட்டிகள் பழுப்புக் கதவின் மாடி ஏற வேண்டும். தம்பி மனைவிக்கு இன்னும் தெரியாது. அக்காவுக்கும் தெரியாது. சொன்னால் என்ன கேட்பார்? ஒன்றும் கேட்க மாட்டார்.

பொறியாளருக்குத் தெரிந்தால்தான் வம்பு. பல் துலக்குவதற்கு முன்பே திட்டுவார்.