பின்வரிசையில் சிவப்புத் தொப்பி

கர்க்லாண்ட், மொன்றியல்
17 நவம்பர் 2024

அன்புள்ள யோசெப்பின் அக்கா,

நான் சுகம். உங்கட முழங்கால் நோ எப்பிடி? மகள் லோஜினி எண்ணெய் பூசி விடுறாளா, இல்ல போனோட இருக்கிறாளா?

இதப் போனில சொன்னா "ஓம் ஓம்" எண்டு போட்டுக் கறிய இறக்கப் போயிருவீங்க. அதுதான் கடதாசியில எழுதிப் படம் பிடிச்சு வாட்ஸ்அப்பில அனுப்புறன். இருந்து வாசியுங்க. உங்கட தம்பி படத்தில வந்திட்டான்!

சிரிக்காதீங்க. நான் வருசா வருசம் ஒன்ராறியோப் பக்கம் ஒரு பண்ணைக்குப் போய்க் கூடாரம் அடிச்சுப் பாட்டுக் கேக்கிறது தெரியும்தானே. புளூகிராஸ் எண்டு பேர். பஞ்சோ, மண்டலின், வயலின், கித்தார், ஆளுயரத்தில ஒரு பெரிய வயலின். மேளம் கிடையாது, கரண்டு வாத்தியமும் கிடையாது. போன கோடையில நடந்தத முழுசாப் படமெடுத்து, போன கிழமை சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில ஒரு மண்டபத்தில போட்டாங்க. வெளியில முதல் ஸ்நோ கொட்டுது. உள்ள சனமெல்லாம் குளிர்ச் சப்பாத்தோட இருந்து, வெயில் வயலப் பாத்துக் காலால தாளம் போடுது.

நேர போனத விடப் படம் நல்லம் அக்கா. அங்க எனக்கு முன்னால எப்பவும் ஒரு பெரிய தொப்பிதான் இருக்கும். படத்தில பஞ்சோக்காரன்ட விரல் தெரியிது. அஞ்சு பேருக்கு ஒரே ஒரு மைக். ஒருத்தன் வாசிக்க முன்னுக்கு வந்தா மற்றவன் தோள ஒடுக்கி வழி விடுவான். ஆர் அடுத்ததெண்டு கண்ணாலதான் பேச்சு. ஒருத்தரும் முட்டிக்கொள்ளுறல்ல. கோயில் பாடகர் குழுவில நான் எத்தின பேர்ட கால மிதிச்சன், நினைச்சுப் பாருங்க!

கேக்கிற சனத்தையும் காட்டுவாங்க. மஞ்சள் கவுண் போட்டவ பாடக்குள்ள நல்லாப் பாருங்க. மடக்குக் கதிரையில ஒரு மொட்டை மினுங்கும். அது நான்தான். லோஜினியிட்டச் சொல்லி டிவியில போட்டுப் பாருங்க, கீழ லிங்க் இருக்கு.

உங்கட நடிகர் தம்பி,
வின்சன்ட்

*

தாண்டவன்வெளி, மட்டக்களப்பு
2 டிசம்பர் 2024

என்ட தம்பி வின்சன்ட்,

நானும் கடதாசியிலதான் எழுதுறன். போனெண்டா லோஜினி பக்கத்தில நிண்டு கேப்பாள். இத அவளிட்டச் சொல்லாத.

படம் பாத்தன். உண்மையச் சொன்னா எனக்குத் தகரத்தில ஆலங்கட்டி விழுகிற மாதிரித்தான் இருந்தது. உன்ட மொட்டையக் கண்டு ரெண்டு பேரும் நல்லாச் சிரிச்சம். மறுகா உனக்குப் பின்னால ஒரு சிவப்புத் தொப்பி தெரிஞ்சுது. அவன் சிரிச்சான். இடப்பக்கத் தோளத் தூக்கி, வாயக் கையால பொத்திக்கொண்டு சிரிச்சான்.

தம்பி மனே, அது கிறிஸ்தோப்பர். என்ட மகன்.

கிணத்துக் கட்டில விழுந்து முன்பல் உடைஞ்சதில இருந்து அவன் அப்பிடித்தான் சிரிப்பான். உலகத்தில வேற ஆர் அப்பிடிச் சிரிப்பான்? பதினேழு வருசத்துக்கு முந்திக் கொழும்பு லொட்ஜில இருந்து அவன ஆரோ வெள்ளை வேனில ஏத்திக்கொண்டு போன நாளுக்குப் புறகு இப்பதான் என்ட பிள்ளைட முகத்தக் காணுறன்.

லோஜினி டிவிய நிப்பாட்டிப் போட்டாள். "அம்மா, பேப்பரில ஒரு முகத்தக் கண்டாலும் அண்ணன் எண்டுறீங்க, செய்தியில கண்டாலும் அண்ணன் எண்டுறீங்க" எண்டு அழுகிறாள். அவள் சொல்லுறது சரி. முந்தி ரெண்டு மூண்டு தரம் பிழைச்சிருக்கு. ஆனா அதெல்லாம் அசையாத படம். இது ஆடுது, அசையிது, சிரிக்குது!

உங்கட நாட்டுக்கு அகதிக் கப்பலில எத்தின பேர் வந்தாங்க! அதில ஒருத்தனா வந்திருக்க ஏலாதா? நீ தேடு. உனக்கு எட்டிப் பிடிக்கிற தூரத்தில இருந்திருக்கான்.

உன்ட அக்கா,
யோசெப்பின்

*

கர்க்லாண்ட்
12 ஜனவரி 2025

அன்புள்ள அக்கா,

உங்கட கடிதத்தப் பாத்த நேரத்தில இருந்து அதே யோசனைதான். வேலையில பெட்டிக்கு மாறி லேபல் ஒட்டி, சுப்பர்வைசரிட்டப் பேச்சும் வாங்கினன்.

அந்த இடத்தப் போட்டுப் போட்டுப் பாத்தன். நிப்பாட்டிப் பெரிசாக்கினா முகம் கலைஞ்சு வெறும் நிறமாப் போகுது. ஓட விட்டா ஒரு சிரிப்பு, அதோட கமரா பஞ்சோவுக்குப் போயிரும். நிறம் எங்கட நிறம்தான். அதுக்கு மேல என்னால ஒண்டும் சொல்ல ஏலாது. நான் நாட்ட விட்டு வரக்குள்ள கிறிஸ்தோப்பருக்கு அஞ்சு வயசு. புறகு நீங்க அனுப்பின போட்டோவிலதான் அவன எனக்குத் தெரியும்.

படமெடுத்தவங்களுக்கு எழுதினன். நல்ல சனம், உடன பதில் போட்டாங்க. பாக்க வந்த ஆக்கள்ட பேர் அவங்களிட்ட இல்லையாம். அடுத்த பாட்டுத் திருவிழா ஆகஸ்ட்டிலதான். அதுக்கிடையில நான் எங்க போய்த் தேட? மெட்ரோவில சிவப்புத் தொப்பியக் கண்டா இப்ப கிட்டப் போய் முகத்தப் பாக்கிறன். சனம் ஒரு மாதிரிப் பாக்குது.

ஏசாதீங்க, ஒண்டு கேக்கிறன். மாமன்ட பின்னால இருந்தவன் ஒரு தரம் கூடத் தோளில தட்டாம இருந்திருப்பானா?

உங்கட தம்பி,
வின்சன்ட்

*

தாண்டவன்வெளி
9 மார்ச் 2025

என்ட மனே,

நீ மாமனெண்டு அவன் எப்பிடிக் கண்டுபிடிக்கிற? நீ இங்கயிருந்து போகக்குள்ள தலை நிறைய முடி. இப்ப பின்னால இருந்து பாத்தா நானே உன்ன மட்டுக்கட்ட மாட்டன்.

தவக்காலத்தில பாட்டும் கூத்தும் என்னத்துக்கெண்டு லோஜினி ஏசுறாள். அவள் பள்ளிக்கூடத்துக்குப் படிப்பிக்கப் போன புறகு நான் படத்தப் போடுறன். ரிமோட் எல்லாம் இப்ப எனக்குத் தண்ணி பட்ட பாடு. அவன இன்னும் ரெண்டு இடத்தில கண்டுபிடிச்சிட்டன். மழை பெய்யக்குள்ள ஒரு நீலக் குடைக்குக் கீழ தொப்பி மட்டும் தெரியும். மறுகா சனம் எழும்பிக் கை தட்டக்குள்ள ஒரு முழங்கை.

அவனத் தேடித் தேடி முழுப் படமும் பாடமாப் போச்சு. அந்த மண்டலின்காரன் ஒரு அவசரக் குடுக்கை. தன்ட முறை வர முதலே மைக்குக்கு ஓடி வாறான். வயலின்காரி கெட்டிக்காரி. முடிக்க முதல் கிறுகிப் பெரிய வயலின்காரனுக்கு ஒரு கண் காட்டுவா, அவனும் சிரிச்சுக்கொண்டு தாளத்த இறுக்குவான். கிறிஸ்தோப்பர் வாற இடம் முடிஞ்சாலும் இப்ப நான் நிப்பாட்டுறல்ல. அதுக்கடுத்து ஒரு கிழவன் தனிய நிண்டு பஞ்சோ வாசிக்கிறான், என்ன வாசிப்புடாப்பா அது! விரல் நடக்கிறது கண்ணுக்குத் தெரியிதில்ல. நான் முதல் கடிதத்தில தகரமெண்டு எழுதினத அடிச்சு விடு.

ஒரு சந்தேகம். மஞ்சள் கவுண்காரி பாடுற பாட்டு ஓடுற ஓட்டத்தில எனக்கே கால் ஆடுது. ஆனா முன்னால இருக்கிற வெள்ளைக்காரக் கிழவி ஏன் கண்ணத் துடைக்கிறா? என்ன பாட்டு அது?

ஆகஸ்ட்டில அவனக் கண்டா ஏன் எழுதல்ல, ஏன் பேசல்ல எண்டு ஒண்டும் கேக்காத. பயந்திருவான். முதல்ல சாப்பிட்டியா எண்டு கேள். மற்றதெல்லாம் புறகு பாப்பம்.

அக்கா

*

கர்க்லாண்ட்
4 மே 2025

அன்புள்ள அக்கா,

இங்க இப்பதான் மரம் துளிர்க்குது. டெப்பனர் கடைக்குப் பால் வாங்கப் போகக்குள்ளயும் உங்கட கடிதம் சட்டைப் பையில இருந்தது. அந்த மஞ்சள் கவுண்காரிட பாட்டப் பத்தி எழுதத்தான் இவ்வளவு நாளாச்சு.

ரயில் பாட்டெண்டு எழுதிப்போட்டுத் தப்பியிருப்பன். ஆனா நீங்க விடமாட்டீங்க, லோஜினியிட்டக் கேப்பீங்க. ஒரு பெடியன் வேலை தேடி ரயிலேறிப் போறான். தாய் அவனுக்குச் சோறாக்கி வச்சிட்டு ஒவ்வொரு ரயிலுக்கும் ஸ்டேசனுக்கு வாறா. கடைசியில ஸ்டேசனையே மூடிப் போடுறாங்க. அவ தண்டவாளத்தில நிண்டு பாத்துக்கொண்டிருக்கிறா. இதுதான் பாட்டு. இந்த வகைப் பாட்டே இப்பிடித்தான் அக்கா. எவ்வளவு கவலையான சொல்லோ அவ்வளவு வேகமான மெட்டில பாடுவாங்க. எனக்கு அதுதான் பிடிச்சது. இப்ப பிடிக்குதா எண்டு கேட்டா சொல்லத் தெரியல்ல.

அந்தப் படத்த ஏன்தான் உங்களுக்கு அனுப்பினனோ! நான் சும்மா என்ட மொட்டையக் காட்டத்தானே அனுப்பினன்.

ஆகஸ்ட்டுக்கு லீவு கேட்டிட்டன். போவன். ஆனா என்னில நம்பிக்கைய வைக்காதீங்க அக்கா, கெஞ்சிக் கேக்கிறன்.

வின்சன்ட்

*

கர்க்லாண்ட்
18 ஆகஸ்ட் 2025

என்ட அக்கா,

இருந்துகொண்டு வாசியுங்க. லோஜினியையும் பக்கத்தில வச்சுக்கொள்ளுங்க.

அந்த ஆளக் கண்டன். அது கிறிஸ்தோப்பர் இல்ல.

முதல் நாளே வந்திட்டான். அதே தொப்பி. நான் பாட்டொண்டும் கேக்கல்ல, மேடைக்கு முதுகக் காட்டிக்கொண்டு அவனையே பாத்தன். மற்ற நாள் பகல் அவன் கோப்பிக்கு வரிசையில நிக்கக்குள்ள கிட்டப் போய் நீங்க சொன்ன மாதிரியே தமிழில கேட்டன், "சாப்பிட்டியா?" எண்டு. அவன் இங்கிலீசில "சொறி?" எண்டான். திரும்பவும் கேட்டன். விளங்கல்ல. சிரிச்சுக்கொண்டு வாயப் பொத்தினான். தோளும் ஏறிச்சு அக்கா. அதில நீங்க பிழை விடல்ல. அந்த நேரம் நானும் கிறிஸ்தோப்பரெண்டே நம்பிட்டன்.

அவன்ட பேர் டெரெக். கயானாவில பிறந்த இந்திய வம்சத்தவன், இங்க பக்கத்தில லவாலில பள்ளிக்கூட பஸ் ஓட்டுறான். வயசு அம்பதுக்கு மேல, கிறிஸ்தோப்பருக்கு நாப்பதுதானே. பல்லெல்லாம் வரிசையா இருக்கு. சத்தமாச் சிரிக்கிறானெண்டு மனிசி ஏசுவாளாம், அதால பொத்துறானாம். அந்த மனிசியும் வந்திருந்தா. கலியாணம் கட்டின காலத்தில இருந்து ரெண்டு பேரும் ஒண்டாத்தான் வாறாங்க.

நான் அவங்களுக்கு முன்னால குழந்தைப்பிள்ளை மாதிரி அழுதிட்டன். என்னெண்டு கேட்டாங்க. சொன்னன். அவன் தன்ட கதிரையத் தூக்கிக்கொண்டு வந்து எனக்குப் பக்கத்தில போட்டு, பாட்டு முடியுமட்டும் என்ட கையப் பிடிச்சுக்கொண்டிருந்தான். இந்த வருசப் படத்துக்கெண்டு கமராக்காரனும் எங்களுக்கு முன்னால வந்து நிண்டு எடுத்துக்கொண்டு போனான். "உன்ட அக்காவிட்டச் சொல்லு, நான் அவவின்ட மகன் இல்லாததுக்கு மன்னிக்கச் சொல்லு" எண்டான். ஒரு பிழையும் செய்யாத மனிசன் அக்கா. தன்ட போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னதும் அவன்தான். இதோட அனுப்புறன்.

பொய் சொல்லுவமோ எண்டு வழி முழுக்க யோசிச்சன். வரல்ல எண்டு எழுதினா நீங்க அடுத்த வருசத்துக்குக் காவலிருப்பீங்க. உண்மையச் சொன்னா என்ன செய்வீங்களோ தெரியா. எனக்கு ரெண்டுக்கும் துணிவில்ல. இருந்தும் எழுதிட்டன். ஒரு வரி பதில் போடுங்க.

வின்சன்ட்

*

தாண்டவன்வெளி
31 ஆகஸ்ட் 2025

தம்பி வின்சன்ட்,

கடிதம் வாசிச்சன். நீ அனுப்பின போட்டோவையும் பாத்தன். மூக்கு அவன்ட மூக்கில்ல, ஒத்துக்கொள்ளுறன். பிடிச்சு வச்சவங்க அடிச்சு உடைச்சிருப்பாங்க. பல்லுக் கட்டிவிட உங்கட நாட்டில டொக்டர் இல்லையா? அவன் பட்ட பாட்டுக்கு அம்பது வயசு மாதிரி இருந்தாலும் அதிசயமில்ல.

கயானா எண்டு சொன்னானா? சொல்லத்தான் செய்வான். நீ அந்தக் காலத்திலயே போயிட்டாய் மனே, உனக்கு இதெல்லாம் தெரியா. வேற பேரில இருந்த எங்கட தெரு அருமைராசாட மகன ஆமி மறிச்சு வச்சுக்கொண்டு தாயக் காட்டி, இது ஆரெண்டு கேட்டாங்க. "எனக்குத் தெரியா" எண்டான். தாயும் "இவன நான் கண்டதே இல்ல" எண்டு சொல்லிப்போட்டுக் கிறுகிப் பாக்காம நடந்து வந்தா. அதாலதான் அவன் இண்டைக்குப் பிள்ளை குட்டியோட இருக்கான். நீ அத்தின சனத்துக்கு நடுவில போய்த் தமிழில கேட்டா அவன் என்ன செய்வான்? விளங்காத மாதிரித்தான் நிப்பான். நல்லாத்தான் நடிச்சிருக்கான் என்ட பிள்ளை. மனிசியும் நல்லவ போல, காட்டிக்குடுக்கல்ல.

உன்னில எனக்குக் கோவம் இல்ல. நீ உனக்குத் தெரிஞ்ச மாதிரித் தேடினாய். கையப் பிடிச்சானெண்டு எழுதியிருந்தாய். அந்த இடத்த வாசிச்சுப்போட்டு நான் கடதாசிய மடியில வச்சுக்கொண்டு இருந்தன்.

ஆனா இனி நீ அங்க போகாத. உனக்கு அந்தப் பாட்டில எவ்வளவு ஆசையெண்டு எனக்குத் தெரியும். இப்ப எனக்கும் அந்த ஆசை இருக்கு. எண்டாலும் உன்னக் கண்டா அவன் பயந்து வேற எங்கயாவது போயிருவான். படமெடுத்தவங்களுக்கு எழுதி, நீ அவனுக்குப் பக்கத்தில இருந்து அழுகிற இடத்த வெட்டச் சொல்லு. ஆராவது கண்டு பிடிச்சாங்களெண்டா அவனுக்குத்தான் ஆபத்து. லவால் பக்கமும் போகாத.

நீ போகாம இருந்தாத்தான் மனே அவன் வருவான். எனக்காக இத மட்டும் செய்.

அக்கா
யோசெப்பின்