வெள்ளை சீவிய உத்தரம்

சௌல்தாரி,
ஆகஸ்ட் 19

அன்புத் தங்கை அகிலாவுக்கு,

குழந்தைக்குச் சளி குறைந்ததா? ஞாயிற்றுக்கிழமை போனில் அக்கா ஏன் ஒட்டாமல் பேசினாள் என்று நினைத்திருப்பாய். உன் அத்தான் ஸ்பீக்கரைப் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். இப்போதெல்லாம் என் போன் அவர் கையில்தான் இருக்கிறது. அதனால்தான் எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு காகிதத்தில் எழுதுகிறேன். அடுத்த வீட்டு மெஹருன்னிசா நாளை தீவைவிட்டுச் சென்னைக்குப் போகிறாள். அங்கே போய்த் தபாலில் போட்டுவிடுவதாகச் சொன்னாள். ஏன் என்று கேட்கவில்லை, நல்லவள்.

மேட்டு வீட்டு சொர்ணம்மாவின் வீட்டைப் போன வாரம் இடித்துவிட்டார்கள். காலையில் ஜேசிபி வந்தது. மத்தியானம் நான் எட்டிப் பார்த்தபோது வெறும் தரையும் மழைத்தண்ணீரும்தான் இருந்தன. அவள் மின்னி பே என்கிற இடத்தில் இருக்கிற மகளிடம் போய்விட்டாள். அடுத்தது எங்கள் வரிசை. காட்டு நிலத்தில் இருக்கிற வீடுகளில், காட்டு இலாகா ஆபீஸ் குறித்த வருஷத்துக்கு முன்னால் கட்டியது என்று காட்ட முடிந்தால் விட்டுவிடுவார்கள். எங்களிடம் காட்ட ஒன்றுமில்லை. மாமனார் காலத்துக் காகிதமெல்லாம் சுனாமித் தண்ணீரோடு போனது உனக்கே தெரியும். தெருவில் வண்டிச் சத்தம் கேட்டால் வாசலுக்கு ஓடிப் பார்க்கிறேன்.

நீ பழைய மழைக்காலங்களைப் பற்றி ஆராய்ச்சி செய்ய வந்து எங்களோடு தங்கியிருந்தாயே, அப்போது ஒரு நாள் சாப்பிடும்போது சொன்னாய்: படாக் மரத்தைத் துளைத்துப் பென்சில் கனத்துக்கு ஒரு குச்சி எடுப்போம், மழை பொய்த்த வருஷத்து வளையம் நெருக்கமாகவும் நல்ல மழை பெய்த வருஷத்து வளையம் அகலமாகவும் இருக்கும், நிற்கிற மரத்தோடு ஒப்பிட்டால் வீட்டு மரத்தை எந்த வருஷம் வெட்டினார்கள் என்றுகூடச் சொல்லலாம் என்று. உன் அத்தான் கையில் சோற்றை வைத்துக்கொண்டே நிமிர்ந்து உத்தரத்தைப் பார்த்தார். நோட்டீஸ் வந்ததும் அதைத்தான் மனுவில் எழுதிக் கொடுத்தார். உங்கள் ஆய்வுக்கூடத்திலிருந்து ஆள் அழைப்பதாக ஆபீஸில் சொல்லிவிட்டார்கள். வருவது நீதானாம். நாம் அக்கா தங்கை என்று அங்கே யாருக்கும் தெரியாது என்பதில் அவருக்கு ஒரே சந்தோஷம்.

நீ அன்று சொன்னதில் மீதிப் பாதி அவர் காதில் விழவில்லை. பட்டைக்கு அடியில் இருக்கிற கடைசி வளையம் இருந்தால்தான் வெட்டின வருஷம் தெரியும், வெளிப்பக்கத்து இளமரமான வெள்ளையைச் சீவியிருந்தால் எத்தனை வளையம் போனது என்று யாராலும் சொல்ல முடியாது என்றாய். மாமனார் மரம் அறுக்கும் மில்லில் வேலை பார்த்தவர். கரையான் வெள்ளையைத்தான் முதலில் தின்னும் என்று, அந்த உத்தரத்தை வாச்சியால் சுற்றிச் சுற்றிச் சீவி, உள்ளே இருக்கிற சிவந்த வைரம் மட்டும் நிற்கும்படி வைத்திருக்கிறார். இன்றுவரை ஒரு ஓட்டை விழவில்லை. மாமனார் கைவேலைக்குச் சொக்கலிங்கம் வேலை என்றே இந்தப் பக்கம் பேர் இருக்கிறது. அவர் கொஞ்சம் அசட்டையாகச் செய்திருந்தால் நாங்கள் பிழைத்திருப்போம்.

அடுப்படித் தூண்கள் வேறு. சுனாமிக்குப் பிறகு உப்புத்தண்ணீர் தேங்கிப் பழைய தூண்கள் உளுத்துப்போய், இவர் அவசரத்தில் வெட்டி நட்டவை. அவற்றில் வெள்ளை அப்படியே இருக்கிறது, ஒன்றில் பட்டைகூட ஒட்டியிருக்கிறது. இந்த வீட்டில் தன் வருஷத்தைச் சரியாகச் சொல்லக்கூடியவை அவை மட்டும்தான், அதுவோ ஆபீஸ் குறித்ததற்குப் பிந்தின வருஷம். மாமனார் கட்டின வீடு என்பது பொய்யில்லை, அகிலா. ஆனால் அதை அந்தத் தூண்கள் சொல்லப்போவதில்லை.

இதை அவரிடம் எடுத்துச் சொன்னேன். சத்தம் போடுவார் என்று நினைத்தேன். போடவில்லை. மறுநாள் கான்ட்ராக்டர் உதயசூரியனைக் கூட்டிக்கொண்டு வந்தார். அந்த ஆள் தூணைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தான். “இதுக்குப் போயி டென்ஷனா, பாய்? வெள்ளையச் சீவி வீசு. அப்புறம் எந்த சாப் வந்தாலும் குச் நஹி மிலேகா, ஒண்ணும் கிடைக்காது” என்றான். நேற்றிலிருந்து இவர் வாச்சியும் கையுமாக அடுப்படியில் இருக்கிறார். நான் அந்தச் சத்தத்துக்கு நடுவில்தான் சமைக்கிறேன். சோற்றில் மரத்தூள் விழுகிறது. புதிதாகச் சீவின மரம் உன் கண்ணுக்குத் தப்புமா?

அதை அவரிடமே கேட்டதற்குத்தான், “உன் தங்கச்சிதானே வர்றா? உத்தரத்துல மட்டும் ஓட்டையப் போட்டு, ஒரு வருஷத்த எழுதிக் குடுக்கட்டும். அதுக்குக்கூட கை வராதுன்னா, அப்புறம் அவ எதுக்கு நமக்கு?” என்றார். சாந்தமாகச் சொன்னார். இருபத்திரண்டு வருஷத்தில் நான் பார்க்காத சாந்தம் அது. பத்து நாளாகச் சரியாகச் சாப்பிடுவதும் இல்லை.

நீ வந்து அவர் கேட்டபடி எழுதினால் உன் வேலை என்ன ஆகும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. உள்ளதை உள்ளபடி எழுதினால், ஜேசிபி வரும் அன்று அவர் வீட்டைவிட்டு வெளியே வருவாரா என்று எனக்குத் தெரியாது. வந்தாலும், உன் பேரை இந்த வீட்டில் நான் மறுபடி எடுக்க முடியாது. இரண்டில் எதை நீ செய்தாலும் அதை நான் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டியிருக்கும்.

அதனால் உங்கள் ஆய்வுக்கூடத்தில், அது என் அக்கா வீடு என்று நாளைக்கே சொல்லிவிடு. வேறு யாராவது வரட்டும், எந்த மரத்தை வேண்டுமானாலும் துளைக்கட்டும். அத்தான் போன் செய்து கேட்டால் ஆய்வுக்கூடமே ஆளை மாற்றிவிட்டது என்று சொல். இந்தக் கடிதத்தைப் படித்ததும் கிழித்துவிடு.

நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் எந்தக் குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். எங்கே நாங்கள் இருந்தாலும், எல்லாம் முடிந்தபின் நானே உன்னைத் தேடி வருவேன். அதுவரை இந்தத் தீவுப் பக்கம் வராதே, அம்மா.

உன் அக்கா,
வைஜெயந்தி