எங்கள் வீட்டில் வைத்த பயண மூட்டை

அண்ணே,

நேற்று பரணில் கிடந்த டிரங்குப் பெட்டியை இறக்கித் துடைத்தோம். மூடியைத் திறந்ததும் அந்துருண்டையும் பழைய அச்சு மையும் கலந்த வாசனை முகத்தில் வந்து மோதியது. அடியில் விரித்திருந்தது பழுப்பேறிய சிங்கப்பூர் பேப்பர். கப்பல் விளம்பரப் பக்கம். நீங்கள் காலமாகி இன்னும் வருஷம் திரும்பவில்லை. உங்களைப் பற்றி நல்லதாக நாலு நினைவு வர வேண்டிய நேரம்தான். எனக்கு வந்ததோ கோபம்.

எழுபதுகளின் கடைசியில் சீனாவோடு நம் நாட்டுக்கு மறுபடியும் போக்குவரத்து தொடங்கியிருந்தது. மதுரை வியாபாரிகள் சிலர் கூடி, தொழில் பார்த்து வர ஹாங்காங்குக்கும் கான்டனுக்கும் ஒரு பயணம் ஏற்பாடு செய்தார்கள். கடைக்கு இரண்டு பேர் வரலாம். சீனாவில் எந்த வெளிநாட்டுக் கம்பெனி என்ன தொழில் செய்கிறது என்று தெரிந்துகொண்டு வரச் சொல்லியிருந்தார்கள். உங்கள் சாயக்கடையின் இங்கிலீஷ் கடிதமெல்லாம் எழுதிக்கொண்டிருந்தவன் நான். "ரெண்டாவது ஆளு வேற யாரு பாய், நீங்கதான்" என்றீர்கள். திரும்பி வந்து தொடங்கும் புதுத் தொழிலில் நான் சம்பளக்காரன் இல்லை, கூட்டாளி என்றும் சொன்னீர்கள். அந்த வாரமே, பினாங்கில் தன் கடைக்கு என்னை அழைத்துக்கொண்டிருந்த மாமாவுக்கு, வரவில்லை என்று எழுதிப் போட்டேன். மாமா வேறு ஆளை வைத்துக்கொண்டார்.

காரைக்குடியில் உட்கார்ந்துகொண்டு சீனாவைப் பற்றி யாரிடம் கேட்பது? கல்லூரி நூலகத்தில் இருந்த புத்தகம் எல்லாம் அறுபத்திரண்டு சண்டைக்கு முந்தியது. அப்போதுதான் எனக்கு ஒரு யோசனை தோன்றியது. மலேயா, சிங்கப்பூர் என்று அக்கரையிலிருந்து வரும் எல்லாப் பெட்டியிலும் அடியில் அந்த ஊர் பேப்பரைத்தான் விரித்திருப்பார்கள். எங்கள் தெருவில் ஆரம்பித்து கோட்டையூர், கீழச்சிவல்பட்டி என்று வீடு வீடாகப் போனோம். கீழச்சிவல்பட்டியில் ஒரு ஆச்சி பட்டுப்புடவைகளை எல்லாம் கட்டிலில் எடுத்துப் போட்டுவிட்டு நம் இருவரையும் ஏற இறங்கப் பார்த்தது நினைவிருக்கிறதா? "பேப்பருக்காகவா இம்புட்டுத் தூரம் வந்தீக? சரி, பெட்டிய வெறுமையா விட்டுட்டுப் போகாதீக" என்றார். நம் கையிலிருந்த அன்றைய தமிழ்ப் பேப்பரை நீங்களே குனிந்து விரித்தீர்கள். வழியெல்லாம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

அந்தப் பக்கங்களில் யாருடைய கப்பல் ஷாங்காய்க்குப் போகிறது, யார் சரக்கு ஏற்றுகிறார்கள் என்று தேடித் தேடிப் படித்தேன். சீனாவுக்குள்ளேயே இடம் வைத்து நடத்தும் வெளிநாட்டுக் கம்பெனிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். பழைய பாங்கி ஒன்றிரண்டு, கப்பல் ஏஜெண்டு சிலர், அவ்வளவுதான். ஜெர்மனிக்காரர்களும் ஜப்பான்காரர்களும் வருஷத்துக்கு இரண்டு தடவை கான்டன் சந்தைக்குப் போய்ப் பேசி முடித்துக்கொண்டு திரும்புகிறார்கள். சாயம் வாங்க நாம் பார்க்க வேண்டியது யாரை, ஹாங்காங்கில் அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்பதுவரை உங்களுக்குச் சொல்லிக் கொடுத்தேன். நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு ஒப்பிப்பீர்கள். தப்பு வந்தால் காதைப் பிடித்துக்கொள்வீர்கள். உங்களைப்போல ஒரு அண்ணன் எனக்கு வாய்த்தாரே என்று நான் பூரித்துக் கிடந்தேன்.

பிறகு ஒருநாள், பயணம் தள்ளிப் போய்விட்டது, தை பிறக்கட்டும் என்றீர்கள். நம்பினேன். உங்களை நம்பாமல் நான் வேறு யாரை நம்புவேன்?

நான் கடையில் இருந்த ஒரு காலை நேரம் எங்கள் வீட்டுக்குப் போய், ஒரு சின்னத் துணிமூட்டையை என் மனைவி கையில் கொடுத்து, "தங்கச்சி, இது இங்க இருக்கட்டும், ரெண்டு நாள்ல வந்து எடுத்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். மத்தியானம் சாப்பிட வந்தவனிடம் அவள் அதைக் காட்டினாள். முடிச்சில் மஞ்சள் துண்டும் பாக்கும் இருந்தன.

"இது பரஸ்தானமில்ல? அண்ணன் கிளம்புறாகளா? அப்ப உங்க துணிமணி எங்க?" என்றாள்.

நல்ல நேரம் ஒரு நாளும் பயணம் வேறொரு நாளுமாக அமைந்தால், நல்ல நேரத்தில் ஒரு மூட்டையை வேறு வீட்டில் கொண்டுபோய் வைத்துப் பயணத்தைத் தொடங்கிவிடுவது உங்கள் வழக்கம். உங்கள் பங்காளி வீட்டில் வைத்திருந்தால், நீங்க எப்பக் கிளம்புறீக பாய் என்று என்னிடமே கேட்டிருப்பார்கள். துலுக்க வீட்டில் இது என்னவென்று யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்துவிட்டீர்கள். மூன்று தலைமுறையாக உங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் இருக்கிறோம் அண்ணே. உங்கள் வீட்டு நல்லது கெட்டது எங்களுக்குத் தெரியாதா? என்னை விட்டுவிட்டுப் போனதைக்கூட ஒருவேளை பொறுத்திருப்பேன். எங்கள் வீட்டையே அதற்கு மறைவிடமாக்கியதை இன்றுவரை என்னால் பொறுக்க முடியவில்லை.

மூட்டையை எடுக்க நீங்கள் வந்தபோது நானே கொண்டுவந்து கொடுத்தேன். உங்கள் முகம் கறுத்துப் போயிற்று. வாசலில் கார் நின்றது. உள்ளே உங்கள் மச்சினர் சென்ட் மணக்க உட்கார்ந்திருந்தார். எங்கே போறீக என்று கேட்க வாய் வரை வந்துவிட்டது. கிளம்புகிறவரை எங்கே என்று கேட்டால் போகிற காரியம் விளங்காது என்பார்களே, அது நாக்கைப் பிடித்துக்கொண்டது. "நல்லபடியாப் போயிட்டு வாங்கண்ணே" என்றேன். நீங்கள் மூட்டையோடு காரில் ஏறிவிட்டீர்கள்.

அதன்பின் நான் கடைக்கு வரவில்லை. ஏன் என்று நீங்கள் ஆள் விட்டுக்கூடக் கேட்கவில்லை. மச்சினரோடு சேர்ந்து புதுத் தொழில் தொடங்கிச் செழிப்பாக இருந்தீர்கள். நான் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பேனா, நோட்டுக் கடை போட்டு, பிள்ளைகளைக் கரையேற்றினேன். எதிரெதிரே பார்த்தால் இருவரும் சிரித்துக்கொள்வோம்.

உங்கள் துக்கத்துக்கு வந்தேன். மச்சினர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "ஹாங்காங்குல இறங்குனதும் அத்தான் ஒவ்வொரு கம்பெனியாப் பேரு சொன்னாக பாய். வந்தவுகளெல்லாம் அசந்து போனாக. எங்க படிச்சாகன்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது" என்றார். அவரிடம்கூட நீங்கள் என் பெயரைச் சொல்லவில்லை. அன்று நான் அழுததை உங்களுக்காக அழுததாகத்தான் எல்லோரும் நினைத்தார்கள். பாதி அது உண்மையும்தான்.

உங்களை நான் இன்னும் மன்னிக்கவில்லை அண்ணே. உங்களால் எனக்கு ஒட்டிக்கொண்டது ஒரு கெட்ட பழக்கம். என் வீட்டில் யார் பெட்டியோடு வாசல் இறங்கினாலும் மறித்துக் கேட்டுவிடுகிறேன். போன மாதம் மகள் சென்னைக்குக் கிளம்பும்போதும் கேட்டேன். "கிளம்புற புள்ளைய எங்குட்டுப் போறேன்னு கேக்கலாமா?" என்று என் மனைவி சத்தம் போட்டாள்.

எங்கே என்று நான் கேட்கவில்லை. கூட யாரைக் கூட்டிக்கொண்டு போகிறாய் என்றுதான் கேட்டேன்.