விற்றுவிட்ட காருக்கு மின்சாரம் கேட்டு ஒரு மனு

அனுப்புநர்:
ஹாரியட் லிண்ட்க்விஸ்ட், வயது 72,
நீதிமன்றச் சுருக்கெழுத்தாளர் (ஓய்வு),
418, மட்ரோன் தெரு,
கிராஸ் வேலி, கலிபோர்னியா.

பெறுநர்:
உயர்திரு ஷெரிஃப் அவர்கள்,
டன்மோர் கவுண்டி,
நெவாடா.

பொருள்: தங்கள் துறையினரால் இழுத்துச் செல்லப்பட்டு, பிடித்த வண்டிகளை அடைத்துவைக்கும் ப்ராட்டன் யார்டில் நிற்கும் லார்க்ஸ்பர் மின்சார ஸ்போர்ட்ஸ் காரை உடனடியாக பிளக்கில் சொருகி வைக்க ஆணையிடக் கோருதல் தொடர்பாக.

பார்வை: தங்கள் அலுவலகத்துடன் நான் தொலைபேசியில் பேசிய ஒன்பது தடவைகள்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. முதலிலேயே தெளிவுபடுத்திவிடுகிறேன். காரை விடுவிக்கக் கேட்டு இம்மனுவை நான் எழுதவில்லை. அபராதத்தைக் குறைக்கவும் கேட்கவில்லை. தங்கள் ஆட்கள் அதை இழுத்துச் சென்றது தவறு என்றும் சொல்லவில்லை. மலைப்பாதை வளைவில், பனியில், ஆளில்லாமல் நின்ற வண்டி அது; என்னைக் கேட்டிருந்தால் நானும் இழுக்கத்தான் சொல்லியிருப்பேன். நான் கேட்பதெல்லாம் அதை ஒரு பிளக்கில் சொருகுங்கள் என்பதுதான். வீட்டில் ரொட்டி வாட்ட உதவும் சாதாரண பிளக் போதும்.

2. நான் முப்பத்தொரு வருடம் நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தாளராக இருந்தவள். யார் என்ன சொன்னாலும் சொன்னபடியே எழுதுவது என் பிழைப்பு. ஆகவே இம்மனுவில் மேற்கோள் குறிக்குள் இருப்பவை அவரவர் வாயிலிருந்து வந்தவை. ஒரு சொல்லும் நான் சேர்க்கவில்லை. வசைச்சொற்களை மட்டும் விட்டிருக்கிறேன். அவற்றில் சில என்னுடையவை.

3. மேற்படி கார் இரண்டு பேர் உட்காரக்கூடியது, கத்தரிப்பூ நிறம். ஒன்பது வருடத்துக்கு முன் ஒரு பல் மருத்துவரிடமிருந்து பழைய வண்டியாக வாங்கினேன். அதைச் செய்த நிறுவனம் மூடி ஆறு வருடமாகிறது. அதற்குரிய பேட்டரியை இப்போது உலகத்தில் யாரும் செய்வதில்லை. அந்த பேட்டரி அடியோடு காலியானால் செத்துவிடும். பிறகு எவ்வளவு மின்சாரம் கொடுத்தாலும் எழாது. பேட்டரி போனால் கார் வெறும் தகரம்தான்.

இதனால் இந்தக் காரை வைத்திருப்போர் அனைவருக்கும் ஒரு பழக்கம் உண்டு. பேட்டரியை ஒருபோதும் நிரப்ப மாட்டோம். அறுபது சதவீதம் வந்ததும் தானாக நின்றுவிடும்படி வரம்பு வைத்துவிடுவோம். நிரப்பி நிரப்பி ஓட்டினால் பேட்டரிக்குச் சீக்கிரம் வயதாகிவிடும். மாதம் ஒரு சனிக்கிழமை கூடும் எங்கள் வட்டத்தில், நூறு வரை ஏற்றுகிறவரை, பிள்ளையை அடிக்கிறவரைப் பார்ப்பதுபோல்தான் பார்ப்போம். நானும் ஒன்பது வருடமாக அறுபதைத் தாண்டியதில்லை. இந்த விவரத்தைத் தாங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

4. சென்ற அக்டோபரில் என் கண் மருத்துவர் இனி ஓட்டக் கூடாது என்று சொல்லிவிட்டார். உரிமத்தை நானே கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்தேன். காரைப் பார்க்க மூன்று பேர் வந்தார்கள். ஒருவர் வாங்கி விற்பவர். இன்னொருவர் கண்ணாடிக் கூடத்தில் நிறுத்திவைக்கப் போவதாகப் பெருமையாகச் சொன்னார். மூன்றாவதாக வந்தவர் மைத்தே உகால்டே, வயது 41, நெவாடாவில் வின்னமக்கா ஊரில் பள்ளிப் பேருந்துகளுக்கு மெக்கானிக்.

அவர் வணக்கம் சொன்ன கையோடு, ஈரத் தரை என்றும் பாராமல் காருக்கு அடியில் படுத்துவிட்டார். "முதல்ல வயித்தப் பாத்துடறேன் மேடம், மூஞ்சிய அப்புறம் பாத்துக்கலாம்" என்றார். வெளியே வந்து காரைச் சுற்றி நடந்தார். "பதினோரு வருஷமா இதோட படத்த என் டூல் அலமாரிக் கதவுல ஒட்டி வச்சிருக்கேன். வெளுத்துப் போயி நீலமாத்தான் தெரியும். நெசத்துல இவ்ளோ கத்தரிப்பூ நெறமா! அடேயப்பா!" என்றார். இதை வாங்குவதற்காகத் தம் பிக்கப் வண்டியை விற்றிருந்தார். அவருடைய மாமா, "பஸ் ரிப்பேர் பண்றவளுக்கு எதுக்குடி இந்த பொம்மை காரு?" என்று கேட்டாராம். அதையும் சிரித்துக்கொண்டே சொன்னார். மற்ற இருவரும் கூடுதலாகக் கொடுக்கத் தயாராக இருந்தும் நான் மைத்தேவுக்கே கொடுத்தேன். அதில் இன்றுவரை எனக்கு வருத்தமில்லை.

5. ஜனவரி 17, சனிக்கிழமை, விற்பனை முடிந்தது. கார் யாருடையது என்று காட்டும் உரிமைத் தாளில் கையெழுத்திட்டுக் கொடுத்தேன். தொலைந்துவிடக் கூடாதே என்று அவர் அதைக் காரின் டேஷ்போர்டு பெட்டிக்குள் வைத்துக்கொண்டார். கார் கிளம்பிய ஒரு மணி நேரத்துக்குள், விற்றுவிட்டேன் என்ற அறிவிப்பை வாகனப் பதிவுத் துறைக்குக் கணினியில் பதிவு செய்தேன். ஐந்து நாள் அவகாசம் உண்டு. ஆனாலும் எனக்கு எதையும் தள்ளிப்போட்டுப் பழக்கமில்லை. காரோடு பேசும் போன் செயலியை இப்போது வேறொரு நிறுவனம் நடத்துகிறது; அதை அவர் பெயருக்கு மாற்ற மட்டும் பதினைந்து வேலை நாள் ஆகும் என்றார்கள். ஆகவே பேட்டரியில் எத்தனை சதவீதம் இருக்கிறது என்பது இன்றளவும் என் போனில்தான் தெரியும். காருக்குள் இருந்த காட்டி எப்போதோ பழுதாகிவிட்டது, மாற்ற உதிரி கிடைப்பதில்லை.

பதினான்கு பக்கம் கையால் எழுதிக் கொடுத்தேன், ஐயா. டயருக்கு எவ்வளவு காற்று, இடது கண்ணாடி எப்போது கடகடக்கும், இருக்கைச் சூடு வேலை செய்யாவிட்டால் எங்கே தட்ட வேண்டும், எல்லாம். அறுபது வரம்பை மட்டும் எழுதவில்லை. மறைக்கவில்லை. அது எழுத வேண்டிய விஷயம் என்றே எனக்குத் தோன்றவில்லை. மூக்கின்மேல் கண்ணாடி இருப்பது எனக்கே மறந்துபோவதுபோல் மறந்துபோயிற்று.

6. மறுநாள் ஞாயிறு காலை, வழியில் இரவு தங்கிவிட்டுக் கிளம்பிய மைத்தே நெடுஞ்சாலைச் சார்ஜ் நிலையத்தில் காரைச் சொருகியிருக்கிறார். சற்று நேரத்தில் 'ஏற்றம் முடிந்தது' என்று அங்குள்ள திரையில் வந்திருக்கிறது. முடிந்தது என்றால் நிரம்பிவிட்டது என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

அந்த நேரம் நான் என் சமையலறையில் காப்பி குடித்துக்கொண்டு போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அறுபது என்று காட்டியது. எனக்கு மனம் குளிர்ந்துபோயிற்று. "நல்ல பொண்ணு, வண்டிய நல்லா வச்சுப்பா" என்று வாய்விட்டே சொன்னேன். அதுவும் மேற்கோள்தான், சொன்னவள் நான். அந்த நிமிடம் ஒரு தடவை கூப்பிட்டிருந்தால் இம்மனுவுக்கே வேலையிருந்திருக்காது.

பனி, ஹீட்டர், மேட்டுப்பாதை, மூன்றும் சேர்ந்து பேட்டரியைக் குடித்துவிட்டன. நண்பகலில் தங்கள் எல்லைக்குள் கார் நின்றுவிட்டது. அங்கே போனில் சிக்னல் இல்லை. கைப்பையை மட்டும் எடுத்துக்கொண்டு இரண்டு மைல் நடந்து ஒரு பண்ணை வீட்டை அடைந்தார். மாமாவை வரவழைத்து, டிரெய்லரோடு நான்கு மணிக்குத் திரும்பியபோது டயர் தடம்தான் இருந்தது. மறுநாள் திங்கள், அரசு விடுமுறை.

7. செவ்வாயன்று யார்டில் நடந்தது இது. யார்டை நடத்தும் திரு. கெய்தர், "பேப்பரக் காட்டு, கார எடு" என்றார். "பேப்பர் காருக்குள்ள இருக்கு" என்றார் மைத்தே. "அப்ப பேப்பரக் கொண்டா, காரத் தொறந்து விடறேன்" என்றார் அவர். இதைச் சொல்லிவிட்டு அவர் சிரித்ததாக மைத்தே சொல்கிறார்.

நான் திரு. கெய்தரைத் தொலைபேசியில் கூப்பிட்டேன். "நீங்கதான் வித்துட்டீங்களே மேடம். வித்த வண்டிய எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுக் கேப்பீங்க?" என்றார். பதிவேட்டில் அப்படித்தான் இருக்கிறது. ஒரு மணி நேரத்துக்குள் நானே பதிந்ததாயிற்றே! இங்கிருந்தபடியே என் போனில் ஒரு பொத்தானைத் தொட்டால் அந்தக் காரின் கதவு திறக்கும்; அந்தத் தாளை நீங்களே எடுத்துப் பாருங்கள் என்றேன். "தொறந்து பாருங்க, திருட்டுக் கேசு போடறேன்" என்றார். விற்பனை ரசீது மட்டும் போதாதாம்; புதிய உரிமைத் தாளுக்கு மனுச் செய்தேன். நான்கு வாரம் ஆகுமாம்.

தங்கள் துணை ஷெரிஃப் திரு. டொரன்ஸ் மரியாதையாகத்தான் பேசினார். "எனக்குப் புரியுது மேடம், ஆனா என் கைல ஒண்ணும் இல்ல." இதையே மூன்று வெவ்வேறு நாள்களில் சொன்னார். எழுத்து மாறவில்லை, சரிபார்த்துவிட்டேன். நான் பேசிய மற்றவர்கள் கையிலும் ஒன்றுமில்லையாம். யார் கையில்தான் இருக்கிறது என்று கேட்டால் அதுவும் தெரியாதாம். கத்த வேண்டும்போல் இருந்தது. ஒரு தடவை கத்தியும் விட்டேன். அதற்காக அன்று தொலைபேசி எடுத்த அம்மையாரிடம் இதன்மூலம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

8. சரி, காரைத் தர வேண்டாம், பிளக்கிலாவது சொருகுங்கள் என்றேன். திரு. கெய்தர் சொன்னது: "இது வண்டி நிறுத்தற எடம் மேடம், ஆஸ்பத்திரி இல்ல. இங்க நூத்திருபது வண்டி நிக்குது. எல்லாத்துக்கும் நான் பெட்ரோல் ஊத்தறனா? இதுக்கு மட்டும் சூப்பு வச்சு ஊட்டணுமோ?" பெட்ரோல் இல்லாத வண்டி சும்மா நிற்கும், இது செத்துப்போகும் என்று சொன்னேன். "காருக்கு சாவு வேறயா!" என்று பக்கத்தில் யாரிடமோ சொல்லிச் சிரித்தார்.

அங்கே பணியில் இருக்கும் ஒருவர் பிறகு தாமாகவே என்னைக் கூப்பிட்டார். பெயரைச் சொல்ல மாட்டேன். தாங்கள் கேட்டாலும் சொல்ல மாட்டேன். "உங்க கார் குளிர்பான மெஷினுக்குப் பக்கத்துலதான் நிக்குது. பன்னெண்டு அடி இருக்கும். அதே செவுத்துல இன்னொரு பிளக்கு சும்மாத்தான் கெடக்கு. பாக்கறப்பல்லாம் கை துறுதுறுங்குது மேடம். ஆனா கண்டுபிடிச்சா எனக்கு வேலை போயிடும்." வேண்டாம், தொடாதீர்கள் என்று நான்தான் சொன்னேன். அந்தக் குளிர்பான இயந்திரம் இரவும் பகலும் ஓடுகிறதாம். பனிக்காலத்தில் யார் குடிக்கிறார்களோ தெரியவில்லை.

9. இப்போது எண்கள். கார் நின்ற அன்று ஆறு சதவீதம். அதற்குக் கீழே அது ஓடாது. மிச்சத்தைத் தன்னைக் காத்துக்கொள்ள வைத்துக்கொள்ளும். 21ஆம் தேதி ஐந்து. 24 அன்று நான்கு. 26 அன்று மூன்று.

வேகம் கூடுகிறதே என்று பயந்து, எங்கள் வட்டத்தில் இந்தக் கார்களைப் பழுது பார்க்கும் வர்ஜில் தமாகியைக் கேட்டேன். அவர் கேட்டார்: "ஒரு நாளைக்கு எத்தன தடவ போன்ல பாக்கறீங்க, ஹாரியட்?" நாற்பது தடவை இருக்கும் என்றேன். அதற்கு அவர் சொன்னது: "நீங்க பாக்கறப்பல்லாம் அது முழிச்சுக்குது. முழிச்சா செலவு. பாக்காதீங்கம்மா. தயவுசெஞ்சு பாக்காதீங்க."

பாதுகாப்பதாக நினைத்து நான்தான் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றிருக்கிறேன், ஐயா. போனைத் தையல் பெட்டிக்குள் வைத்து மூடினேன். ஆறு நாள் பொறுத்து, பிப்ரவரி முதல் தேதி ஒரே ஒரு தடவை பார்த்தேன். இரண்டு. அதன்பிறகு பார்க்கவில்லை.

மைத்தே வேலை முடிந்ததும் தினமும் என் வீட்டுத் தொலைபேசிக்குக் கூப்பிடுகிறார். இப்போது அவர் வேறொருவர் வண்டியில் தொற்றிக்கொண்டு வேலைக்குப் போகிறார். ஒரு நாளும் என்னைக் குறை சொன்னதில்லை, சொன்னால் தேவலை. முன்பெல்லாம் "இன்னைக்கு என்ன நம்பர்?" என்று கேட்பார். இப்போது, "பாக்கலல்ல? நல்லது. நானும் கேக்கல" என்பார். பிறகு யாரும் முதலில் தொலைபேசியை வைப்பதில்லை. முந்தாநாள் மட்டும் ஒன்று சொன்னார்: "அலமாரிப் படத்த எடுத்துட்டேன். கதவத் தொறந்தா பாக்க முடியல." நான் ஒன்பது வருடம் ஓட்டியாயிற்று. அவர் ஒரே ஒரு நாள்தான் ஓட்டியிருக்கிறார், அதுவும் என் வரம்போடு.

10. ஆகவே வேண்டுகிறேன். சட்டம் எத்தனை நாள் சொல்கிறதோ அத்தனை நாள் காரைப் பூட்டியே வைத்திருங்கள். யாரையும் அண்ட விடாதீர்கள். வாடகையைப் பற்றி எங்கள் இருவருக்கும் புகாரில்லை. மின்சாரச் செலவு எதுவானாலும் நான் கட்டுகிறேன். உயிரோடு பூட்டி வையுங்கள் என்பதுதான் மனு. திரு. கெய்தருக்கு ஒரு வரி எழுதினால் போதும், திரு. டொரன்ஸ் கொண்டுபோய்க் கொடுப்பார்.

நானே நேரில் வந்து தங்கள் முன் நின்றிருப்பேன். ஓட்ட உரிமம் இல்லை. நெடுந்தூரப் பேருந்து எதுவும் தங்கள் ஊரில் நிற்பதில்லை, விசாரித்துவிட்டேன்.

இதைத் தாங்கள் படிக்கும்போது எண் எத்தனையாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. பார்த்துத் தெரிந்துகொள்ளவும் மாட்டேன்.

தங்கள் ஒரு வரிக்குக் காத்திருக்கும்,
(ஒப்பம்) ஹாரியட் லிண்ட்க்விஸ்ட்

இடம்: கிராஸ் வேலி
நாள்: பிப்ரவரி 4, 2026

இணைப்பு:
1. விற்பனை ரசீது நகல்.
2. மைத்தே உகால்டே கையெழுத்திட்ட ஒப்புதல் கடிதம்.
3. சார்ஜ் கேபிள் ஒன்று. என்னிடம் உபரியாக இருந்தது, நன்றாக வேலை செய்கிறது. நீளம் பதினெட்டு அடி. பன்னிரண்டு அடிதான் தேவைப்படும்.