மணையில் மூன்று மணி நேரம்

சிவமயம்

நேமத்தான்பட்டி
3.9.2025

அன்புள்ள சிகப்பிக்கு,

இங்கு நலம். நம் மகள் உமையாளும் பேத்தியும் நலமா? போனில் பேசினால் அவள் ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாள், அதனால்தான் கடிதம். கார்த்திகையில் எனக்கு அறுபதாம் கல்யாணம் வேண்டாம். பங்காளிகளிடம் நானே சொல்லிக்கொள்கிறேன். கோபப்படாதே.

வயிரவன்

பெங்களூர்
8.9.2025

என் வீட்டுக்காரர் அவர்களுக்குச் சிகப்பி எழுதுவது,

கோபப்படாமல் கும்மியா அடிக்கச் சொல்கிறீர்கள்? போன வருடம் மதுரையில் ரோபோ வைத்துப் புரோஸ்டேட் புற்றுநோயை எடுத்தார்கள். சின்னச் சின்ன ஓட்டைதான், மூன்றாம் நாள் வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். வந்தீர்கள். வந்ததிலிருந்து மாடியில் தனியாகப் படுக்கிறீர்கள். ஏனென்று ஒரு வார்த்தை கேட்டேனா? இப்போது கேட்கிறேன். என்னை இன்னொரு தடவை கட்டிக்கொள்ளப் பிடிக்கவில்லையா?

சிகப்பி

நேமத்தான்பட்டி
12.9.2025

அடி பைத்தியமே,

உன்னைப் பிடிக்காமல் போகுமா? வெட்கம்தான். புற்றுநோய் போய்விட்டது, சிறுநீர்தான் நிற்க மாட்டேன் என்கிறது. இருமினால் கசிகிறது, எழுந்தால் கசிகிறது. போன வாரம் இளையாத்தங்குடி கோயிலில் விழுந்து கும்பிட்டு எழுந்தேன். பூக்காரி சின்னத்தாயி, “என்னங்கய்யா, ஈரத்துல உக்காந்துட்டீகளா?” என்றாள். துண்டை இடுப்பில் சுற்றிக்கொண்டு ஓடி வந்தேன். ஊரே பார்க்க, வெள்ளை வேட்டியோடு மணையில் மூன்று மணி நேரம் எப்படியடி உட்காருவேன்?

இன்னொன்றும் இருக்கிறது. ஆப்பரேஷனுக்குப் பிறகு புருஷன் என்ற பேர்தான் மிச்சம். உடம்பு ஒத்துழைக்கவில்லை. டாக்டரிடம் கேட்கவும் நாக்கு எழவில்லை. மறுபடி உனக்குத் தாலி கட்ட எனக்கு என்ன முகம் இருக்கிறது?

வயிரவன்

பெங்களூர்
17.9.2025

அன்புள்ள என் மாப்பிள்ளைக்கு,

குளியலறையில் ஒளிந்து நின்று உங்கள் கடிதத்தைப் படித்தேன். அழுதேன், அப்புறம் சிரித்தேன். அறுபதாம் கல்யாணத்தில் என்ன செய்வார்கள் என்பதே மறந்துவிட்டதா? ஹோமம் முடிந்ததும் நம்மை ஜோடியாக உட்காரவைத்து, சொந்தபந்தமெல்லாம் குடம் குடமாகத் தலையில் தண்ணீர் ஊற்றுவார்கள். அதில் எந்த ஈரம் எதுவென்று எந்த மகராசி பார்க்கப்போகிறாள்? ஹோமத்துக்கு நடுவில் கசிந்தால் என் கையை அழுத்துங்கள். கைதவறியதுபோல ஒரு செம்புத் தண்ணீரை உங்கள் மடியில் கவிழ்த்துவிடுகிறேன். “இந்த ஆச்சிக்கு அறுபதாகப் போகுது, இன்னும் நிதானம் வரலை” என்று ஊர் என்னைத் திட்டட்டும்.

டாக்டரிடம் நான் கேட்கிறேன், எனக்கு நாக்கு எழும். தீராவிட்டாலும் பரவாயில்லை. ஆப்பரேஷன் அன்று தியேட்டர் வாசலில் நின்றபோது நான் கேட்டது உங்கள் உயிரை மட்டும்தான். அதை ஆண்டவன் கொடுத்துவிட்டான். தாலி கட்ட முகம் வேண்டாம், கை இருந்தால் போதும்.

வெள்ளிக்கிழமை வருகிறேன். பத்திரிகை அடிக்கக் கொடுத்துவிடுங்கள்.

கல்யாணப் பெண்,
சிகப்பி